இருபதாவது மா

தாமிரபரணி சிற்றலை நேயர் மன்றத்தில் மொத்தம் இருபத்திரண்டு பேர். அவர்களில் டார்லின் ஒருத்திதான் பெண். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் டவுன் கீழ ரத வீதியில், காந்திமதிநாதன் அண்ணாச்சியின் எலக்ட்ரிக் கடை மாடியில் கூடுவார்கள். அவர்தான் செயலாளர். எந்த நாட்டு வானொலியை யார் பிடித்தார், எந்த நிலையத்திலிருந்து அத்தாட்சி அட்டை வந்தது என்று பேசுவார்கள். கேட்ட நாள், மணி, நிகழ்ச்சி விவரத்தை மன்றப் படிவத்தில் அறிக்கையாக எழுதி அனுப்பினால், கேட்டது உண்மை என்று நிலையம் அனுப்பும் அட்டை அது. வடையும் டீயும் ஆனதும் கலைவார்கள். டார்லின் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு வருஷத்தில் அவள் அங்கே பேசியது ‘வணக்கம் அண்ணாச்சி’, ‘வாரேன் அண்ணாச்சி’ என்ற இரண்டும்தான்.

1994 மார்ச் கூட்டத்தில், டீ வருவதற்கு முன்பே அண்ணாச்சி ஒரு வெளிநாட்டு உறையைக் கையில் எடுத்தார்.

“ஹங்கேரியில இருந்து பதில் வந்திருக்கு. நம்ம டார்லின் பாப்பா அறிக்கைக்கு.”

டார்லின் நாற்காலி நுனிக்கு வந்தாள். வந்தது அட்டை என்றுதான் நினைத்தாள். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் சொன்னார். பிப்ரவரி ஏழு, திங்கட்கிழமை, கிரீன்விச் நேரம் இரவு பத்தரை மணிக்குக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் ஒலிபரப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே உண்டு. திங்கட்கிழமை கிடையாது. ஆகவே தங்கள் அறிக்கையை உறுதி செய்ய இயலவில்லை. அன்பளிப்பாக ஒரு நாள்காட்டி அனுப்பியுள்ளோம்.

 பின்வரிசையில் ஒருவர், “இல்லாத நிகழ்ச்சியக் கேக்கதுக்கும் ஒரு காது வேணும்லா” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்கவே” என்றார் காஜா முகைதீன். மேலப்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நோன்பு என்பதால் அவர் பங்கு வடை ஒரு காகிதத்தில் மடித்து மடியில் இருந்தது. “பாப்பா, நீ என்ன சொல்லுத?”

டார்லின் எழுந்து நின்றாள். கேட்டேன் என்ற ஒரு சொல்தான் சொல்ல வேண்டியது. அதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி விதிமுறைத் தாளைப் பார்த்தார். கேட்காததைக் கேட்டதாக எழுதும் உறுப்பினரின் பெயர் நீக்கப்படும். அது ஏழாவது விதி, அவரே எழுதியது. “அடுத்த கூட்டம் வரைக்கும் பாப்போம். ஏப்ரல் மூணு. அதுக்குள்ள ஏதாவது அத்தாட்சி வந்தா சரி. இல்லைன்னா பேரை எடுக்கத்தான் வேணும். ஆண்டு மலர்ல உன்னோட இருவது மொழி ‘மா’ பட்டியல் வரதா இருந்துச்சு. அதையும் நிறுத்தி வைக்கேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்ணு பொய்னா, மத்த பத்தொம்பதும் எப்படின்னு கேப்பாங்கல்லா?”

பாளையங்கோட்டைக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில் அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பெயர் போனால் போகட்டும். அந்தப் பத்தொன்பது?

அது தொடங்கியது பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வீட்டில் இருந்த முதல் வருஷம். ஒரு நாள் சாயங்காலம் இந்திப் பாட்டில் ‘மா’ என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். ரேடியோ முள்ளைக் கொஞ்சம் நகர்த்தியதும் சீன மொழிப் பாடம். ‘மா’ என்றால் அம்மா, அதையே வேறு ராகத்தில் சொன்னால் குதிரை என்றாள் அந்த ஆசிரியை. தமிழிலும் மா என்றால் குதிரை உண்டு, மாமரம் உண்டு. தற்செயல் என்று தெரியும். ஆனால் எத்தனை தற்செயல்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஒரு நோட்டுப் போட்டாள். அகராதியில் பார்த்து எழுதுவதில்லை. அந்த மொழிக்காரர் வாயிலிருந்து தன் காதால் கேட்டால்தான் எழுதுவது என்பது அவள் வைத்துக்கொண்ட விதி. தாய்லாந்தில் மா என்றால் ‘வா’. வியத்நாமில் பேய். இத்தாலியில் ‘ஆனால்’. போலந்தில் ‘வைத்திருக்கிறான்’. பிரெஞ்சில் ‘என்னுடைய’. அரபியில் ‘என்ன’.  கொழும்பு வானொலியின் சிங்களக் கவிதையில் அது ‘நான்’. ஜப்பானில் இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். தமிழ்க் கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு, அதனால் இருபது மொழியில் நிறுத்திக்கொள்வது என்று வைத்திருந்தாள். வாயைத் திறக்காமலே இத்தனை பேருடன் பேசிவிட்டதுபோல ஒரு சந்தோஷம் அந்த நோட்டில் இருந்தது.

இருபதாவது ஹங்கேரி. அங்கே மா என்றால் ‘இன்று’.

அன்று சாப்பிடாமல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிப்ரவரி ஏழு, திங்கள், விடிகாலை நாலு மணி. அப்பா ஞானையா களக்காட்டில் தலைமையாசிரியர். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போவார். அவர் வெந்நீர் போட எழுந்தபோதுதான் இவளும் எழுந்து ரேடியோவைத் திருப்பினாள். நிகழ்ச்சி நடுவே ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் ஹங்கேரி மொழிப் பாடம் நடத்தினார்கள், கிழமைகளின் பெயர்களும் ‘இன்று’ என்ற சொல்லும். கேட்டது கேட்டதுதான். அதில் சந்தேகம் இல்லை.

அப்படியானால் திங்கட்கிழமை இல்லாத நிகழ்ச்சி எப்படி வந்தது?

ஒரு தாளில் இரண்டு கடிகாரம் வரைந்தாள். ஒன்றில் நாலு மணி. மன்றத்தின் அச்சடித்த படிவத்தில், ‘இந்திய நேரத்தில் ஐந்தரை மணி கழித்து எழுதவும்’ என்று இருந்தது. கழித்திருக்கிறாள். இரவு பத்தரை. எந்த இரவு? பென்சில் அங்கேயே நின்றது. நாலில் ஐந்தரையைக் கழிக்க வேண்டுமானால் நள்ளிரவைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். அவள் மணியை மாற்றினாள். தேதியை அப்படியே விட்டுவிட்டாள். இங்கே திங்கட்கிழமை விடிகாலை நாலு மணியாகும்போது கிரீன்விச்சில் இன்னும் ஞாயிற்றுக்கிழமைதான்.

“இவ்வளவுதானா” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

“என்னட்டி?” என்றாள் உள்ளேயிருந்து அம்மா ஜெபகனி.

“ஒண்ணும் இல்லம்மா. சோறு போடுங்க.”

மறுநாள் கடைக்கே போனாள். அண்ணாச்சி ஒரு ஃபேனின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் விரித்து, எப்படியோ சொல்லி முடித்தாள்.

“பன்னெண்டு வருஷமா இந்த ஃபாரத்துலதான் எழுதுதோம். ஒருத்தருக்கும் இந்த வம்பு வரலையே, தாயி.”

“எல்லாரும் சாயங்காலம் கேக்குதீய அண்ணாச்சி. ஏழு மணியில அஞ்சரை போனா அதே நாளுதான் வரும். விடியக்காலம் யாரும் கேக்கலை.”

அண்ணாச்சி துணியைக் கீழே வைத்தார். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “நீ சொல்லுதது சரியாவே இருக்கட்டும். ஆனா அவன் ஞாயித்துக்கிழமை மட்டும்னு எழுதின பொறவுல்லா இதச் சொல்லுத. கடுதாசியப் பாத்துட்டுக் கணக்கத் திருப்பிட்டான்னு நாலு பேரு சொல்லுவான். அந்த எடத்துல இருந்தா நானே சொல்லுவேன்.”

டார்லினுக்குக் கோபம் வரவில்லை. கல்லூரி லேபில் புத்தகத்து விடையைப் பார்த்துவிட்டு ரீடிங்கைத் திருத்துகிறவர்களை அவளுக்கும் பிடிக்காது. அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

“அப்போ நீங்களே வந்து கேளுங்க.”

சொன்னது தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

“எப்போ?”

“திங்கக்கிழமை நாலு மணிக்கு. இருவத்தேழு குருத்தோலை ஞாயிறு. அதோட கோடைக்காக அவங்க அலைவரிசையும் நேரமும் மாத்திருவாங்க. அதுக்கு முன்னால ரெண்டு திங்கக்கிழமதான் இருக்கு. பதினாலு, இருவத்தொண்ணு.”

“பதினாலு பெருநாளு. காஜா பாய் வரமாட்டாரு, அவரு இல்லாம நான் மட்டும் கேட்டாப் பத்தாது. இருவத்தொண்ணு வாரோம். கேக்கலைன்னா பொறவு என்னக் கேக்கப்படாது.”

பதினாலாம் தேதி அவள் தனியாகக் கேட்டுப் பார்த்தாள். நாலு மணிக்கு ரேடியோவைத் திருப்பினால் ‘குர்ர்ர்’ என்று ஒரே இரைச்சல். ஹங்கேரியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜன்னலிலிருந்து முருங்கை மரம் வரை அறுபது அடிக்குக் கட்டியிருந்த செம்புக் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். முள்ளை இங்கேயும் அங்கேயும் நகர்த்தினாள். நாலரைக்கு இரைச்சல் ஒரு நொடி நின்றது. அதே நொடியில் பக்கத்து வீட்டில் உலகம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது: “உளுந்து ஆச்சு, இனி அரிசி.” மறுபடி அங்கே மோட்டார் ஓடியது, இங்கே ‘குர்ர்ர்’.

உலகம்மாள் சிவராத்திரி கழிந்த கையோடு பெரிய வெட் கிரைண்டர் ஒன்று வாங்கியிருந்தாள். ஜங்ஷனில் இரண்டு ஹோட்டல்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறாள். மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்து வரை ஓடும். ஐந்தேகாலுக்கு ஆட்டோ வந்து தூக்குவாளிகளை ஏற்றிக்கொண்டு போகும். மூன்று வருஷமாகப் பக்கத்து வீடு. டார்லின் அவளைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்லுவாள்.

“நான் வேணா கேக்கட்டுமா?” என்றாள் ஜெபகனி.

“வேண்டாம்மா. நானே கேக்குதேன்.”

ஆனால் கேட்பதற்கு நாலு நாள் ஆயிற்று. திங்கள் போனது, செவ்வாய் போனது. கொல்லைச் சுவர் வரை போவாள், துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், இனி நாளில்லை என்று ஆனதும், நோட்டையும் எடுத்துக்கொண்டு நேராக வாசல் வழியாகப் போனாள்.

உலகம்மாள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு, சார் மவளா! அதிசயமா இருக்கு. உக்காரு பிள்ள. அம்மைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லக்கா. திங்கக்கிழமை… கிரைண்டரை… நாலு மணிக்கு ஒரு அரைமணி நேரம் நிறுத்தணும்.”

உலகம்மாளின் கை நின்றது. “சத்தமா இருக்குன்னு சொல்ல வந்தியா? ரெண்டு வீட்டுக்காரிய ஏற்கெனவே சொல்லியாச்சு. நீ மூணாவது.”

“சத்தத்துக்கு இல்லக்கா. ரேடியோவுக்கு.”

“ரேடியோவா! எனக்கு ரெண்டு ஹோட்டல்காரன் மாவுக்குக் காத்திருக்கான். நீ பாட்டுக் கேக்கதுக்கு நான் மோட்டார நிறுத்தணுமா? நல்லா இருக்குட்டி நீ கேக்கது!”

எழுந்து வந்துவிடலாம் என்று கால் சொன்னது. டார்லின் உட்கார்ந்தே இருந்தாள். நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து சொன்னாள். சீனத்துக் குதிரை, தாய்லாந்து ‘வா’, வியத்நாம் பேய். மன்றத்தில் நடந்ததைச் சொன்னாள். பின்வரிசைக்காரர் சொன்னதையும் அவர்கள் சிரித்ததையும் சொன்னாள். அம்மாவிடம்கூட அந்தச் சிரிப்பைச் சொல்லியிருக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை நிறுத்தவில்லை.

உலகம்மாள் உளுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“மான்னா பேயாமா?”

“வியத்நாம்ல அப்படித்தான்க்கா.”

“எனக்கும் சில நாளு இந்த மாவு பேய்தான். ரெண்டு மணிக்கே எழுப்பி விட்டுரும்.” தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டாள். பிறகு முகம் மாறியது. “நீ கேக்காமலே கேட்டேன்னு எழுதினியா? என்னப் பாத்துச் சொல்லு.”

“கேட்டேன்க்கா.”

“அப்போ சரி. ஆனா என் மாவு நிக்கப்படாது. ஒரு மணிநேரம் முன்னால ஆரம்பிச்சா நாலுக்கு முடிச்சிரலாம். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. நீ வந்து அரிசி கழுவி, மாவை வழிச்சு வாளியில ஊத்தணும். வருவியா? ரெண்டு மணிக்கு.”

“வாரேன்க்கா.”

“தூங்கிறப்படாது, ஏட்டி.”

தூங்கவில்லை. திங்கட்கிழமை அவள் கை முழங்கை வரை மாவாகி, உளுந்து வாசனையோடு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. காந்திமதிநாதன் அண்ணாச்சி கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காஜா முகைதீன். அப்பா வேட்டி சட்டையோடு களக்காடு போகத் தயாராக நின்றார். ஜெபகனி காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாய் தூக்கம் கெட்டிருச்சோ?” என்றார் ஞானையா.

“நோன்பு முடிஞ்சு ஒரு வாரந்தானே சார் ஆகுது. மூணரைக்கு முழிப்பு தானா வருது. அண்ணாச்சியத்தான் மூணு தடவ கதவத் தட்டி எழுப்பினேன்.”

“வாய மூடும்வே” என்றார் அண்ணாச்சி.

டார்லின் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டிலிருந்த டியூப்லைட்டை அணைத்தாள். அதுவும் ரேடியோவில் இரையும். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஐம்பத்தெட்டு. அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது. மோட்டார் தாழ்ந்து, முனகி, நின்றது. தெருவில் இருந்த ஒரே சத்தம் அதுதான் என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு இசைத்துண்டு மேலே வந்தது, திரும்பத் திரும்ப அதே துண்டு. காஜா முகைதீன் முன்னால் குனிந்தார். இசை நின்றது. ஓர் ஆண் குரல் பேசியது. ‘புடாபெஷ்ட்’ என்றது தெளிவாகக் கேட்டது.

“வந்துட்டான்லா!” என்றார் காஜா முகைதீன்.

“சும்மா கெடவும்” என்றார் அண்ணாச்சி. மடியில் படிவம், கையில் பேனா. அவர் எழுதத் தொடங்கியிருந்தார்.

அலை அடங்கி எழுந்தது. மறுபடி அந்தக் குரல். ‘மா வஷார்னாப்…’ அவர்கள் வாயைக் குவித்துச் சொல்வதால் அந்த மா, மாவுக்கும் மோவுக்கும் நடுவில் விழும். பிப்ரவரியிலும் இப்படித்தான் விழுந்தது. டார்லின் எழுந்து, ஹங்கேரியிலிருந்து வந்த நாள்காட்டியை எடுத்து விளக்கருகில் வைத்தாள். சிவப்பு எழுத்து வரிசையின் தலையில் இருந்த சொல்லைக் காட்டினாள். காஜா முகைதீன் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“வ… சார்… னாப். இதைத்தான் இப்போ சொன்னான். இது ஞாயித்துக்கிழமைல்லா?”

“ஆமா பாய். ‘இன்று ஞாயிறு’ன்னு சொல்லுதாரு.”

ஆங்கிலத்தில் நடத்தும் அந்த ஐந்து நிமிடப் பாடமும் வந்தது. நாலரைக்கு இசை வந்து முடிந்தது. அண்ணாச்சி பேனாவை மூடிப் படிவத்தை அவளிடம் நீட்டினார். “சரியா இருக்கான்னு பாரு. நானே என் கையால எழுதியிருக்கேன். ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது.”

டார்லின் விளக்கடியில் வாசித்தாள். நிலையம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம் எல்லாம் சரி. கிரீன்விச் நேரம் 22.30. தேதி, 21 மார்ச் 1994.

 இரண்டாம் முறை பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“அண்ணாச்சி, அங்க இன்னும் ஞாயித்துக்கிழமைதான். தேதி இருவதுன்னு எழுதணும்.”

அண்ணாச்சி படிவத்தை வாங்கிப் பார்த்தார்.  காஜா முகைதீன் எட்டிப் பார்த்துவிட்டு முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ஏழாவது விதிப்படி செயலாளர் பேரை எடுத்திருவோமா வே?”

“எடும்வே, எடும். நானும் கேக்காததைக் கேட்டவன்தான்.” அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். ஆனால் பேனாவைத் திறக்கும்போது அவர் கை மெதுவாகத்தான் அசைந்தது. இருபத்தொன்றை அடித்து இருபது என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு படிவத்தின் மேலே, அச்சடித்த வரியின் கீழ், ‘காலை ஐந்தரைக்கு முன் கேட்டால் முந்தின நாள் தேதி இடவும்’ என்று சேர்த்தார்.

“ஏப்ரல் மூணு ஈஸ்டர். உனக்குக் கோயில் இருக்கும்” என்றார் எழுந்துகொண்டே. “இத நான் கூட்டத்துல சொல்லிருதேன். பட்டியலும் மலர்ல வரும்.”

“காலையிலதான் கோயில், அண்ணாச்சி. சாயங்காலம் வாரேன்.” டார்லின் நோட்டை மூடினாள். “நானே சொல்லுதேன். பத்து நிமிஷம் வேணும். இருவதையும் சொல்லணும்.”

அண்ணாச்சி அவளை ஒரு முறை பார்த்தார். “சரி தாயி. டீக்கு முன்னாலயே சொல்லிரு.”

கொல்லைப்பக்கம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “ஏ பிள்ள! முடிஞ்சிட்டா? நாலுக்குள்ள முடியலை, கடைசி ஈடு கெடக்கு. மோட்டாரப் போடவா?”

ஜெபகனி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டார்லின் ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

“போடுங்கக்கா!” என்று தெருவே கேட்கும்படி சொன்னாள். “நானும் வாரேன், வாளியப் பிடிக்க!”